ஐந்து பறவைகளின் பெயர் எழுதுக

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு என்னை ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பேத்தி ஆறாவது படிக்கிறாள். அவள் வகுப்பைக் கிண்டி சிறுவர் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள்; கூட வர நாலு பெரியவர்கள் வேண்டுமாம். அப்பா, அம்மாக்கள் எல்லாரும் ஆபீஸ், மீட்டிங் என்று நழுவிவிட, 'தாத்தா சும்மாதானே இருக்கார்' என்று எங்கள் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

பள்ளியின் பெயர் வேண்டாம். தென் சென்னையில் இருக்கிறது, நல்ல பள்ளி. அன்றைக்கு நான் பார்த்ததை அந்த ஒரு பள்ளியின் குற்றமாக எழுதவில்லை. 'நேச்சர் ட்ரிப்' என்ற பெயரில் நம் ஊரில் நடக்கிற சமாசாரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

மூன்று பஸ், நூற்றிருபது பிள்ளைகள். ஏறியதுமே சினிமா பாட்டு ஆரம்பித்துவிட்டது. திரு.வி.க. பாலத்தில் டிராஃபிக் நின்றது. இடது பக்கம் அடையாறு கடலோடு சேரப்போகிற இடம். தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. சேற்றில் கொக்குகள். நடுவில் ஒரு சாம்பல் நாரை, யாரோ பாதியில் விட்டுப்போன குடை மாதிரி நின்றுகொண்டிருந்தது. நான் ஜன்னலைக் காட்டி, "அங்க பாருங்கடா" என்றேன். பக்கத்து சீட் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அது வொர்க்‌ஷீட்ல வருமா தாத்தா?" என்றான்.

வராது. வொர்க்‌ஷீட் கிண்டிக்கானது.

அந்த வொர்க்‌ஷீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழவழ தாளில் கலரில் அச்சடித்தது. எல்லாம் இங்கிலீஷ். நீ பார்த்த ஐந்து விலங்குகளின் பெயர் எழுது. ஐந்து பறவைகளின் பெயர் எழுது. ஒரு மரம் வரை. இன்று நீ கற்றுக்கொண்டது என்ன? கடைசியில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம்.

பூங்காவுக்குள் நுழைந்த பத்தாவது நிமிஷம் எனக்கு ஒன்று புரிந்தது. பிள்ளைகள் விலங்கைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்த்தார்கள். கம்பிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். போர்டில் இருப்பதை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக்கொண்டு அடுத்த போர்டுக்கு ஓடினார்கள். அஞ்சு ஆச்சா, முடிந்தது. ஆறாவதாக ஒரு பறவை எதிரே வந்து நின்றால் அது ஓவர்டைம். ஒரு பெண் கிங்ஃபிஷர் என்று எழுதியிருந்தாள். "எங்கம்மா பாத்த?" என்றேன். "பார்க்கல அங்கிள், ஸ்பெல்லிங் தெரியும்" என்றாள். நேர்மையான பதில். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேள்வி கேட்டவர்களுக்குப் பதில்தானே வேண்டும், மீன்கொத்தி வேண்டாமே.

புள்ளிமான் இருந்த இடத்தில்தான் அன்றைய விசேஷம். கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்ததில் ஒரு மானுக்கு மட்டும் தலையில் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சின்ன முண்டுகள். பேத்தியும் இன்னொரு பையனும் அதையே பார்த்தார்கள்.

"மிஸ், அதுக்குக் கொம்பு ஒடைஞ்சு போச்சா?"

"அது ஃபீமேல்மா. லைன்ல வா."

மிஸ்ஸைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கையில் நாற்பது பேர் பட்டியல். அரை மணிக்கு ஒரு தரம் தலை எண்ணுகிறார். ஒரு தலை குறைந்தால் அவர் கதி என்ன என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற காக்கிச் சட்டை வாட்ச்சர்தான் மெதுவாகச் சொன்னார்: "ஆண்தான் பாப்பா. கொம்பு விழுந்திருச்சு. மறுபடி மொளைக்கும். வருஷா வருஷம் இப்படித்தான்."

இரண்டு பேரின் முகத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொம்பு விழுமா? எங்கே விழும்? விழுந்ததை யார் எடுப்பார்கள்? புதுசு அதே சைஸில் வருமா? வாட்ச்சர் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். நூற்றிருபது பேரும் மரத்தடிக்கு. உறுதிமொழி.

'நாங்கள் மரம் நடுவோம். காட்டைக் காப்போம். நெகிழியைத் தவிர்ப்போம்.' பேனர் பிடித்து போட்டோ எடுத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கேக், ஒரு ஜூஸ். கேக் எதில் சுற்றியிருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்தில் செத்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாகப் பேப்பரில் படித்திருக்கிறோம். உறையைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டதும் அதே வாட்ச்சர்தான்.

பன்னிரண்டு மணிக்கு பஸ் கிளம்பிவிட்டது. இயற்கைக் கல்வி இந்த ஆண்டுக்கு இனிதே நிறைவுற்றது.

*

அந்த உறுதிமொழியின் முதல் வரியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். ஏனென்றால் கிண்டியில் நின்று 'மரம் நடுவோம்' என்று கத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

சிறுவர் பூங்கா வேறு, கிண்டி தேசியப் பூங்கா வேறு. முன்னது டிக்கெட் வாங்கி யாரும் போகிற இடம். 2024-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். பின்னது அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற நிஜக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். நாட்டிலேயே மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு பெருநகரத்தின் வயிற்றுக்குள் இருப்பது அதைவிட அபூர்வம். ஒருமுறை அனுமதி வாங்கிய குழு ஒன்றோடு உள்ளே போயிருக்கிறேன். டார்ஜானை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆளுயரப் புதர், முள், குட்டையான மரங்கள். சோழமண்டலக் கரைக்கே உரிய, மழை குறைந்த, ஆனால் இலை முழுக்க உதிர்க்காத காடு. சென்னை என்கிற ஊர் வருவதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மிச்சமிருக்கிற சாட்சி.

அந்தக் காட்டின் நடுவே ஒரு வெட்டவெளி. போலோ மைதானம் என்கிறார்கள். கவர்னர்களின் காலத்தில் குதிரை ஓடிய இடம். கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821-ல் அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கிய எஸ்டேட் இது. வாங்கியது காட்டைக் காப்பாற்ற அல்ல, லாட் சாகிப் காற்று வாங்க. 1910-ல் காப்புக்காடு ஆக்கினார்கள். அப்போது இருந்தது 500 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். இன்று பாதிதான் மிச்சம். மீதி எங்கே போனது? 1959-ல் வந்த ஐ.ஐ.டி.க்கு ஒரு பெரிய துண்டு, தலைவர்களின் நினைவு மண்டபங்களுக்கு இன்னொரு துண்டு, மற்ற நிறுவனங்களுக்கு ஆங்காங்கே. எல்லாம் நல்ல காரியம்தான். கல்விக்காகக் காட்டைக் கொடுத்தோம். இப்போது அதே கல்வி, வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து மிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போகிறது.

அந்தப் போலோ மைதானத்துப் புல்லில்தான் முதன்முதலாக அந்த மானைப் பார்த்தேன். ஆண் கன்னங்கரேல் என்று, வயிறும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை. திருகாணி மாதிரி முறுக்கிய நீளக் கொம்பு. பெண் வெளிர் பழுப்பு, கொம்பு கிடையாது. இங்கிலீஷில் பிளாக்பக். பள்ளிக்கூட போர்டிலும் வொர்க்‌ஷீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. சங்கப் புலவர்களுக்கு இந்த ஆண் மான் 'இரலை'. நம் ஊர்ப் பேச்சில் வெளிமான்.

வெளிமான். நின்று யோசித்துப் பாருங்கள். வெளியில் வாழ்கிற மான். காட்டு மான் அல்ல, வெட்டவெளி மான். அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு கண்ணும் காலும்தான். தூரத்தில் வருகிற எதிரியைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஓட இடம் வேண்டும். அதனால்தான் தமிழ்நாட்டில் அது நிற்கிற இடங்களெல்லாம் திறந்த இடங்கள்: கோடியக்கரையின் புல்வெளி, தூத்துக்குடி பக்கம் வல்லநாட்டுக் குன்று. புல்வெளியில் புதர் மண்டினாலோ, நல்ல எண்ணத்தில் யாராவது வரிசையாக மரம் நட்டாலோ, வெளிமானுக்கு அது சுவர் எழுப்பிய மாதிரி. புள்ளிமானுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது மர நிழலில் நிற்கும், புதர் ஓரம் மேயும், தழையும் தின்னும். கிண்டிக்கே அது பிற்பாடு கொண்டுவந்து விடப்பட்டது என்பதுதான் பொதுவான கருத்து. வந்த விருந்தாளி பெருகிவிட்டது. வீட்டுக்காரன் ஒதுங்கி நிற்கிறான்.

ஆக, கிண்டியில் ஒரு குழந்தை கற்றுக்கொள்ளக்கூடிய மிக முக்கியமான பாடம், மரம் நடக் கூடாத இடமும் உலகத்தில் உண்டு என்பது. அந்தப் பாடம் அந்த விலங்கின் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்ப் பெயரைச் சொல்லி, "ஏன் இந்தப் பேர் வச்சாங்க?" என்று கேட்டிருந்தால் போதும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். நாம் என்ன செய்தோம்? பெயரைப் பிளாக்பக் என்று எழுதவைத்தோம். பிறகு அதன் வாசலில் நின்று, மரம் நடுவதாகச் சத்தியம் வாங்கினோம்.

இது சின்ன விஷயம் இல்லையா என்று கேட்பீர்கள். பள்ளிக்கரணைக்குப் போய்ப் பாருங்கள். வேளச்சேரி தாண்டி, பழைய மகாபலிபுரம் சாலைக்கும் தாம்பரம் பக்கத்துக்கும் நடுவில் விரிந்து கிடந்த சதுப்பு நிலம். சில தலைமுறைகளுக்கு முன் இருந்ததில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதன் ஒரு மூலையில் ஊர்க்குப்பை மலையாகக் கிடக்கிறது. 2022-ல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பூநாரை வருகிறது என்று இப்போது எல்லாரும் போட்டோ போடுகிறோம். அதற்கு முன்னால்? ஏடுகளில் அது தரிசு. தண்ணீர் நின்றால் உபயோகமில்லாத நிலம், மரம் இல்லாவிட்டால் காலி நிலம் என்று நினைத்தவர்கள்தான் கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. அவர்களும் 'மரம் நடுவோம்' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவர்களாக இருக்கலாம். 2015 டிசம்பரில் அந்தத் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோதுதான் தெற்குச் சென்னை சதுப்பு நிலம் என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டது. என் பேத்தியின் வகுப்பில் இருக்கிற நாற்பது பேரில் இரண்டு பேராவது இன்னும் இருபது வருஷத்தில் ஏதோ ஒரு கோப்பில் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் உட்காருவார்கள். அவர்கள் கண்ணுக்குப் புல்வெளி புல்வெளியாகத் தெரியுமா, பிளாட்டாகத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

*

சட்டத்தில் குறை இல்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2001-ல் தேசியப் பசுமைப் படை வந்தது. பள்ளிதோறும் சூழல் மன்றம். நல்ல நோக்கம். ஆனால் நம்மிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு: எதைக் கொடுத்தாலும் அதை ஐந்து மார்க் கேள்வியாக மாற்றிவிடுவோம். 'சதுப்பு நிலம் வரையறு' என்றால் வரையறுத்துவிடுவான். அதன் மேல் நின்றுகொண்டே வரையறுப்பான், காலுக்கடியில் இருப்பது அதுதான் என்று தெரியாமல்.

இதே சென்னையில் இதற்கு நேர் எதிரான ஒரு பள்ளிக்கூடமும் பல வருஷமாக நடக்கிறது. சுவர் கிடையாது, போர்டு கிடையாது, நடத்துவது ராத்திரியில்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடற்கரையோரமாக ஆமை தேடி நடப்பதைச் சொல்கிறேன். எழுபதுகளில் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் ஆரம்பித்தது. பாம்புப் பண்ணையை 1972-ல் கிண்டிக்குக் கொண்டுவந்த அதே விட்டேகர். 1988-ல் மாணவர்களே சேர்ந்து இதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், இன்றைக்கும் நடக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். முதலில் மணலில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. பிறகு நடை. ஆறேழு கிலோமீட்டர், மணலில். மூட்டு உள்ளவர்களுக்குத் தெரியும் அது என்னவென்று.

அன்றைக்கு எங்களுக்கு ஆமை கிடைக்கவில்லை. முட்டையும் கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் நடந்து கிடைத்தது நண்டும் கால்வலியும்தான். கூட வந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி அம்மாவிடம், "காசு வாங்கிட்டு ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். காசே வாங்கவில்லை என்றதும் அவளுக்கு இன்னும் குழப்பம். நடத்திய கல்லூரிப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அது அதோட இஷ்டம்மா. நாம கூப்பிட்டா வராது."

எனக்கு அந்த இரவில் கிடைத்த உபதேசம் அவ்வளவுதான், இன்றுவரை மறக்கவில்லை. நமக்காக எதுவும் ஏற்பாடு செய்து வைக்கப்படாத ஒரு இடம் என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கும். மீனவர்கள் இந்த ஆமையைப் பங்குனி ஆமை என்கிறார்கள். மறுபடியும் பாருங்கள், பெயரே எப்போது வரும் என்று சொல்லிவிடுகிறது. ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை. அதை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்தால் சுமார் நாற்பத்தைந்து நாளில் குஞ்சு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். இதைக் கேட்ட எந்தக் குழந்தையும் அடுத்த கேள்வியைத் தானே கேட்கும்: 'அப்ப ஊரே சூடாயிட்டா எல்லாம் பொண்ணாயிடுமா?' புவி வெப்பமாதல் பற்றி நாலு பக்கப் பாடம் எழுதிய எந்தப் புத்தகமும் அந்தக் கேள்விக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியதில்லை.

இன்னொன்றும் அங்கே தெரியும். 2025 தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவை என்றார்கள். மீனைப் போல் அல்ல, ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அந்த வாரங்களில் கரையில் நடந்த பிள்ளைகள் 'யாரு கொன்னா?' என்று கேட்டிருப்பார்கள். பதில் நம் வீட்டு மீன்குழம்புச் சட்டியில் வந்து முடியும். சங்கடமான பாடம். உறுதிமொழியில் இதையெல்லாம் சேர்க்க முடியாது, பேனரில் இடம் போதாது.

*

'எல்லாப் பள்ளியும் நடுராத்திரியில் பிள்ளைகளை பீச்சுக்கு அனுப்பணுமா சார்?' என்று கேட்கப் போகிறீர்கள். வேண்டாம். பெற்றோரின் வாட்ஸ்அப் குழு எனக்கும் தெரியும். ஒரு குழந்தைக்கு முள் குத்தினால் அன்று இரவு பதினொரு மணிக்குப் பள்ளி முதல்வர் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். வெயில் என்பார்கள், கொசு என்பார்கள், அந்த நேரத்துக்குக் கணக்கு டியூஷன் வைத்திருக்கலாமே என்பார்கள். நூற்றிருபது பேரை ஒரே நாளில் கொண்டுபோய்க் கொண்டுவருவதும் இதனால்தான்; ஒரே அனுமதிக் கடிதம், ஒரே பயம்.

டென்மார்க்கில் சின்னக் குழந்தைகளை வாரா வாரம் அதே தோப்புக்கு அழைத்துப் போகிறார்கள். 1993-ல் இங்கிலாந்திலிருந்து, பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊர்க் கல்லூரிக்காரர்கள் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் ஊரில் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. அதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. சின்னக் குழு. அதே இடம். திரும்பத் திரும்ப. மழையிலும். அவ்வளவுதான்.

அதே இடம் என்பதுதான் முக்கியம். ஒருமுறை போனால் எல்லாமே வேடிக்கை. மூன்றாவது முறை போகும்போதுதான் 'போன தடவை இங்க தண்ணி இருந்துச்சே' என்று வாயில் வரும். அங்கேதான் படிப்பு ஆரம்பம். நூற்றிருபது பேரை ஒருமுறை அழைத்துப் போகிற செலவில் ஒரு வகுப்பை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தையில் ஒருமுறை, பங்குனி வெயிலில் ஒருமுறை கொண்டுபோகலாம். வொர்க்‌ஷீட் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு கேள்வி: போன தடவை இல்லாதது எது?

கிண்டி வரை போகவும் வேண்டாம். மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் தெப்பக்குளம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்தால் நீர்க்காகம் முழுகி எழுந்து, இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம். வாத்துக்கு நனையாத இறக்கை இதற்கு மட்டும் ஏன் நனைகிறது என்று யாராவது ஒரு பையன் கேட்பான். லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா. தி.நகர்ப் பிள்ளைகளுக்குப் பனகல் பூங்கா. சுற்றிலும் புடவைக்கடை, உள்ளே தவிட்டுக்குருவி ஏழெட்டுச் சேர்ந்து சண்டை போடும். அடையாறுக்காரர்களுக்கு உடைந்த பாலம். இதற்கெல்லாம் பஸ் வேண்டாம், பேனர் வேண்டாம். என்ன, போட்டோவில் காடு தெரியாது.

பெயர் சொல்லித்தர ஆள் இல்லையே என்பது அடுத்த சாக்கு. நம் ஊரில் இதற்குத்தான் பஞ்சமே இல்லை. மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் இருந்துகொண்டு, 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஒரு கல்கத்தாப் பத்திரிகையில் பத்தி எழுதினார். பெரிய காடுகளைப் பற்றி மட்டுமல்ல. காக்கை, அணில், வீட்டுக் கூரைப் பல்லி பற்றியும். தமிழிலும் எழுதினார், மாதவையாவின் மகன் வேறு எப்படி இருப்பார். தியடோர் பாஸ்கரனின் தமிழ்ப் புத்தகங்கள் கடையில் கிடைக்கின்றன. க. ரத்னம் நம் பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்களைத் தேடித்தேடித் தொகுத்து வைத்திருக்கிறார். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொஸைட்டிக்காரர்கள் 1978-லிருந்து இந்த ஊர்ப் பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் இந்த வேலையை ஆசையாகச் செய்கிற இளைஞர்கள் இப்போது நிறைய. பள்ளி நூலகத்தில் இந்தப் புத்தகங்களில் இரண்டு, மாதத்துக்கு ஒருநாள் அந்த இளைஞர்களில் ஒருவர். இல்லாவிட்டால் அந்தக் காக்கிச் சட்டை வாட்ச்சர். அன்றைக்கு அந்தப் பூங்காவில் பாடம் நடத்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குக் கொடுத்த வேலை, கேக் உறை பொறுக்குவது.

*

நேற்று வொர்க்‌ஷீட் திருத்தி வந்தது. பேத்தி கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஐந்து விலங்குக்கு முழு மார்க். ஐந்து பறவைக்கு முழு மார்க். மரத்துக்கு ஒரு ஸ்டார். கடைசிக் கேள்வி, 'இன்று நீ கற்றுக்கொண்டது என்ன?' அதற்குக் கீழே அவள் இங்கிலீஷில் எழுதியிருந்தது: மானுக்குக் கொம்பு விழும்போது வலிக்குமா?

பக்கத்தில் சிவப்பு மையில், 'பதில் எழுதவும். கேள்வி எழுதாதே.' மார்க் பூஜ்யம்.

"வலிக்குமா தாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. படித்துப் பார்த்துத்தான் சொன்னேன். வளரும்போது கொம்பின் மேல் மெத்தென்று ஒரு தோல் இருக்கும், ரத்தம் ஓடும், இடித்தால் வலிக்கும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரிந்துவிடும். அப்புறம் அது உயிரில்லாத எலும்பு. விழுகிறபோது, நாம் நகம் வெட்டிக்கொள்கிற மாதிரிதான்.

கொஞ்ச நேரம் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வெளிமானுக்கும் விழுமா?"

விழாது. அதன் கொம்பு ஆயுசுக்கும் ஒன்றுதான். ஏன் இதற்கு ஒரு நியாயம், அதற்கு ஒரு நியாயம் என்று உடனே கேட்டாள்.

"அந்த வாட்ச்சர் அங்கிளைக் கேக்கலாம். எப்போ போலாம்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் இருக்கும், சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு டியூட்டி இருக்கிறதா என்றும் தெரியாது.